கேட்டுக்கொண்டே இருப்பதன் விலை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு அப்பால், கிரேட் டக் என்றொரு சிறு தீவு இருக்கிறது. பரப்பு 237 ஏக்கர். கோடையில் லீச் ஸ்டார்ம் பெட்ரல் என்னும் கடற்பறவைகள் அங்கே மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். பகலில் வளைக்குள்ளேயே கிடக்கும், இருட்டிய பிறகுதான் வெளியே வரும். இவற்றை ஆராய வருபவருக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. அடைகாக்கத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் தொந்தரவு செய்தால் பெட்ரல் வளையையே கைவிட்டுப் போய்விட வாய்ப்பு அதிகம் என்று கென்ட் தீவில் நடந்த ஆய்வு ஏற்கெனவே சொல்லியிருந்தது. பார்க்கப் போகிறவரின் கையே பார்க்க வேண்டியதைக் கெடுத்துவிடும்.

2002 கோடையில் பெர்க்லியின் இன்டெல் ஆய்வுக்கூடத்தாரும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கணினியியலாளர்களும், பார் ஹார்பரிலுள்ள காலேஜ் ஆஃப் தி அட்லான்டிக்கின் உயிரியலாளர்களும் சேர்ந்து இதற்கு வழி தேடினார்கள். இரண்டு பென்சில் செல்களை ஒட்டி வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவே பெரிய சின்னஞ்சிறு கணினிகள். அவற்றின் பெயர் மோட், அதாவது தூசி. ஒவ்வொன்றிலும் வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் போன்றவற்றை அளக்கும் சென்சார்கள், ஒரு மைக்ரோ கன்ட்ரோலர், ஒரு ரேடியோ. வளைகளுக்குள்ளும் அவற்றின் வாசலிலுமாக 32 மோட்டுகளை வைத்துவிட்டு மனிதர்கள் விலகிக்கொண்டார்கள். வளைக்குள் பறவை இருக்கிறதா இல்லையா என்பது வானலை வழியே வந்து சேர்ந்தது.

கம்பியில்லா சென்சார் வலையமைப்புத் துறையின் பாடநூல்களில் கிரேட் டக் தீவு இடம்பெறுவதற்குப் பறவைகள் காரணமல்ல. அந்தக் குழு போட்டு வைத்த பட்ஜெட்தான் காரணம்.

ஒரு மோட்டுக்கு இரண்டு ஏஏ செல்கள். அவற்றை வைத்து ஒன்பது மாதம் ஓட்ட வேண்டும், நடுவில் செல் மாற்ற யாரும் வரமாட்டார்கள். செல்லின் கொள்ளளவு 2500 மில்லி ஆம்பியர்-மணி என்றாலும் அது கடைசிவரை பயன்தராது என்பதால் 2200 என்று கணக்கு வைத்தார்கள். 270 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 8.148 மில்லி ஆம்பியர்-மணி. இன்று கடையில் கிடைக்கும் சாதாரணக் கைபேசியின் பேட்டரி 5000 மில்லி ஆம்பியர்-மணி, அதையே தினமும் சார்ஜில் போடுகிறோம்.

பிறகு ஒவ்வொரு வேலைக்கும் விலை எழுதினார்கள். அலகு நானோ ஆம்பியர்-மணி, மில்லியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு செய்திப் பொட்டலத்தை அனுப்ப 20, பெற 8. சென்சாரில் ஒருமுறை அளக்க 1-க்குச் சற்று மேல். ஃபிளாஷ் நினைவகத்தில் அழித்து எழுத 83.333, அதாவது ஒரு தகவலை எழுதி வைப்பதைவிட நான்கு முறை அனுப்புவது மலிவு! பட்டியலின் நடுவில் அடக்கமாக இன்னொரு வரி இருந்தது: ரேடியோவைத் திறந்து வைத்து ஒரு மில்லி விநாடி கேட்க 1.25.

ஒரு மில்லி விநாடிக்கு 1.25 என்றால் அற்பம்தானே என்று தோன்றும். பெருக்கிப் பார்க்க வேண்டும். அன்றைய முழுப் படியான 8.148 மில்லி ஆம்பியர்-மணியைச் செய்தி அனுப்பவே செலவிட்டால் நான்கு லட்சம் பொட்டலங்களுக்கு மேல் அனுப்பலாம். அதே படியை, யாராவது பேசுவார்களா என்று காது கொடுத்துக் காத்திருப்பதில் செலவிட்டால் ஒரு மணி 48 நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். மீதி இருபத்திரண்டு மணி நேரமும் மோட் செவிடாகக் கிடக்க வேண்டியதுதான்.

கம்பியில்லா சென்சார் வலையமைப்புகளைப் பற்றிய பொதுவான நினைப்பு, செய்தி அனுப்புவதால் பேட்டரி தீர்கிறது என்பது. உண்மை வேறு. பேட்டரியைத் தின்பது பெரும்பாலும் காத்திருப்பு. அடுத்த தலைமுறை மோட்டுகளில் இது இன்னும் அப்பட்டமானது. 2004 வாக்கில் வந்த டெலோஸ் போன்ற கருவிகளில் சிசி2420 என்ற ரேடியோ சில்லு இருந்தது. முழு வலிமையில் அனுப்பும்போது அது 17.4 மில்லி ஆம்பியர் இழுக்கும், கேட்கும்போது 18.8. வானலையில் வரும் மங்கலான சமிக்ஞையைப் பெருக்கி, இரைச்சலிலிருந்து பிரித்து, இது செய்திதானா என்று இடைவிடாமல் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். எதுவும் வராவிட்டாலும் சோதனை நிற்பதில்லை. இந்த வேகத்தில், 2500-ஐ முழுதாகச் செலவிட்டாலும், இரண்டு ஏஏ செல்கள் ஐந்தரை நாளில் காலி. நேரத்தில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் ரேடியோவைத் திறந்து வைத்தால் அதே செல்கள் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு வரும்.

ஆகவே கேள்வி ஒன்றுதான். தூங்கிக்கொண்டிருக்கும் கருவியிடம் எப்படிப் பேசுவது?

தென் கலிஃபோர்னியாவில் வெய் யே, ஜான் ஹைடமன், டெபோரா எஸ்ட்ரின் மூவரும் 2002-இல் எஸ்-மேக் என்ற முறையை முன்வைத்தபோது, வீணாகும் ஆற்றலை நான்கு கணக்கில் எழுதினார்கள்: செய்திகள் மோதிக்கொள்வது, அடுத்தவருக்கு வந்ததை ஒட்டுக்கேட்பது, கட்டுப்பாட்டுச் செய்திகளின் சுமை, வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பது. கடைசியானதே பெரியது. அவர்கள் சொன்ன தீர்வு, அக்கம்பக்கத்துக் கணுக்கள், அதாவது மோட்டுகள், எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து ஒரே நேரத்தில் தூங்குவது. இரண்டு ஆண்டு கழித்து பெர்க்லியிலிருந்து பி-மேக் வந்தது. இதில் நேரம் பேசிக்கொள்ளத் தேவையில்லை. ஒவ்வொரு கணுவும் தன்பாட்டுக்குத் தூங்கும். நொடிக்கு ஒருமுறை, அல்லது நூறு மில்லி விநாடிக்கு ஒருமுறை, ஒரு கணம் காது திறந்து வானலையில் சத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இல்லையென்றால் மறுபடி தூக்கம். பேச விரும்புகிறவர், கேட்பவர் எப்போது விழிப்பார் என்று தெரியாததால், அந்த இடைவெளி முழுவதும் முன்னோசை எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி பஸ்ஸில் ஊர் வந்து இறங்கியவர், உள்ளே தூங்குகிறவர் எழுந்து வரும்வரை கதவைத் தட்டிக்கொண்டே நிற்பது போல.

தட்டுகிற சத்தத்தில் தெருவே விழித்துக்கொள்ளும் என்பதுதான் சிக்கல். அனுப்புகிறவருக்கு நீண்ட முன்னோசையின் செலவு. முன்னோசை எட்டும் எல்லைக்குள் இருக்கும் மற்றவர்கள் எல்லாம், தமக்கல்லாத செய்திக்கும் விழித்துக் கடைசிவரை கேட்ட பிறகே அது தமக்கில்லை என்று தெரிந்து படுப்பார்கள். பிறகு வந்த எக்ஸ்-மேக், கன்டிக்கி-மேக் போன்ற முறைகள் முன்னோசையைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் பெறுநரின் முகவரியை வைத்து, உரியவர் விழித்ததும் பதில் சொல்லி நிறுத்தும் வசதி செய்தன. செலவு குறைந்தது. ஆனால் தாமதம் முழுக்கப் போகவில்லை. பி-மேக்கில் விழிப்பு இடைவெளி ஒரு நொடி என்றால், பத்துக் கணு தாண்டி வரவேண்டிய செய்திக்குப் பத்து நொடி தேவை.

பறவை வளைக்குள் வெப்பம் எவ்வளவு என்ற செய்திக்குப் பத்து நொடித் தாமதம் பொருட்டே அல்ல. எரிவாயுக் கசிவுக்கு அது நீண்ட நேரம். சேவைத் தரம் என்ற சொல் இங்கேதான் உள்ளே நுழைகிறது. இணையத்தில் அது படம் தடையின்றி ஓடுகிறதா, குரல் விட்டுவிட்டு வருகிறதா என்ற கேள்வி. சென்சார் வலையமைப்பில் அதற்கு முகங்கள் அதிகம். செய்தி வந்து சேர்ந்ததா, எப்போது வந்தது, அதில் உள்ள எண் உண்மையா, கண்காணிக்க வேண்டிய இடத்தில் குருட்டு மூலை ஏதாவது உண்டா, இந்தத் தரம் எத்தனை மாதம் நீடிக்கும்? ஒவ்வொன்றும் அந்த இரண்டு செல்களிலிருந்தே வாங்கப்பட வேண்டும். தரத்தையும் ஆற்றலையும் தனித்தனி அத்தியாயமாகப் பிரிக்கும் நூல்கள் இந்த ஒரு விஷயத்தில் வாசகரை ஏமாற்றுகின்றன.

எண் உண்மையா என்ற கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். கலிஃபோர்னியாவின் சொனோமா பகுதியில், சுமார் 70 மீட்டர் உயர ரெட்வுட் மரம் ஒன்றில் பல உயரங்களில் மோட்டுகளைக் கட்டி, 44 நாள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பம், ஈரப்பதம், ஒளி ஆகியவற்றை அளந்தார்கள். முடிவு 2005-இல் வெளியானது. ஒவ்வொரு ஐந்து நிமிடத்திலும் நான்கு நொடி மட்டுமே கணுக்கள் விழித்திருந்தன, சிக்கனம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் எதிர்பார்த்த தரவில் பாதிகூட வலையமைப்பு வழியே வந்து சேரவில்லை. வந்து சேர்ந்ததிலும் ஒரு விபரீதம் இருந்தது. சில கணுக்களில் வெப்பநிலை நம்ப முடியாத அளவுக்கு ஏறிக்கொண்டே போயிற்று. மரத்தில் எதுவும் எரியவில்லை. பேட்டரியின் மின்னழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. செல் சாகும் முன் சென்சார் பொய் சொல்லத் தொடங்கியது. கடைசியில் ஆய்வாளர்கள் பேட்டரியின் மின்னழுத்தத்தை வைத்தே எந்த அளவீட்டை நம்பலாம், எதைத் தூக்கி எறியலாம் என்று பிரித்தார்கள்.

கருவி செத்தால் தெரிந்துவிடும், அரைகுறையாக உயிரோடு இருப்பதே ஆபத்து. இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் இதைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள்.

எல்லாரும் ஒரே மாதிரி சாவதும் இல்லை. தரவெல்லாம் போய்ச் சேரும் தள நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கணுக்கள் தம் செய்தியோடு தூரத்தில் இருப்பவர்களின் செய்திகளையும் சுமந்து கடத்த வேண்டும். அவை முதலில் தீர்ந்துபோகும். அவை போனதும், நடுவில் ஓர் ஓட்டை விழும். அதற்கு அப்பால் செல்லில் பாதிச் சக்தியோடு இருக்கும் கணுக்கள்கூடப் பேச வழியின்றித் தனிமைப்படும். கிரேட் டக் தீவில் 2003-இல் சுமார் 150 கணுக்களோடு மறுபடி களம் இறங்கியபோது, கை மாற்றிக் கை மாற்றிச் செய்தி கடத்திய வலையமைப்பில் ஒட்டுக்கேட்கும் செலவு வாழ்நாளைக் கரைத்தது. தூங்கியிருக்க வேண்டிய நேரத்தில் பக்கத்தில் ஓடிய செய்திகள் அவற்றை எழுப்பிக்கொண்டே இருந்தன.

சுமையைச் சுழற்சி முறையில் பகிர்ந்துகொள்ளலாம் என்பது எம்.ஐ.டி.யில் வெண்டி ஹைன்ஸல்மன், அனந்தா சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன் ஆகியோர் 2000-இல் சொன்ன யோசனை. பெயர் லீச், நம் பறவைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கணுக்கள் குழுக்களாகப் பிரியும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர். தலைவர் மட்டுமே மற்றவர்களின் தரவைத் தொகுத்துத் தள நிலையத்துக்கு அனுப்பும் செலவான வேலையைச் செய்வார். சிறிது நேரத்தில் தலைமை வேறொருவருக்கு மாறும். அழகான யோசனை. இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் கணினியிலேயே ஓட்டிப் பார்த்து முடித்துவிடும் திட்டப்பணிகளில் இதற்கு நிரந்தர இடம் உண்டு. ஆனால் எந்தக் கணுவும் தேவைப்பட்டால் தள நிலையத்தை நேரடியாக எட்டும் என்பது அதன் அனுமானம். மலையிலும் மரத்திலும் கான்கிரீட் சுவருக்குள்ளும் அந்த அனுமானம் நிற்காது. கணினித் திரையில் கணுக்கள் சாவது பேட்டரி தீர்ந்துதான். களத்தில் பனி இறங்கியும் சாகும்.

நெதர்லாந்து உருளைக்கிழங்கு வயல் கதை இதற்குப் பெயர்போனது. பயிரைத் தாக்கும் அழுகல் நோய் ஈரமும் வெப்பமும் சேர்ந்து அமையும்போது பரவும். அதை முன்கூட்டி அறிய நூற்றுச் சொச்சம் கணுக்களை வயலில் வைத்தார்கள். கோன் லாங்கென்டூனும் அவர் கூட்டாளிகளும் 2006-இல் எழுதிய கட்டுரையில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினார்கள். தூக்க முறையும் பாதை தேடும் முறையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வானலை வழியே மென்பொருளைப் புதுப்பிக்கும் வசதி, தூக்கத்துக்கே இடம் கொடுக்காமல் கணுக்களைப் பேச வைத்தது. நினைத்ததற்கு மாறாக, மழையிலும் இரவு ஈரத்திலும் ரேடியோ நன்றாகவே எட்டியது. மூன்று வாரத்தில் கிடைத்தது எதிர்பார்த்த தரவில் 2 சதவீதம். இந்தக் கட்டுரையின் தலைப்பில், தவறக்கூடியது தவறியே தீரும் என்ற விதிக்குப் பெயர்தந்த மர்ஃபி உருளைக்கிழங்கைக் காதலிக்கிறார். வெற்றிக் கட்டுரைகள் பலவற்றைவிட இதைப் படித்து அதிகம் கற்றவர்கள் ஏராளம்.

ஈக்வடாரின் ரெவென்டடோர் எரிமலையில் சிக்கல் நேர் எதிர். அங்கே குறை, சொல்ல வேண்டியது அதிகம் என்பதே. 2005-இல் ஹார்வர்டைச் சேர்ந்த மேட் வெல்ஷ் குழுவும் எரிமலையியலாளர்களும் 16 கணுக்களை மலைச் சரிவில் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு வைத்தார்கள். நில அதிர்வையும் காதுக்கு எட்டாத ஓசையையும் நொடிக்கு நூறு முறை அளந்தாக வேண்டும். அதற்குக் கீழே போனால் அலையின் வடிவமே சிதைந்துவிடும். இத்தனை கணுக்களின் இத்தனை அளவீடுகளையும் உடனுக்குடன் கடத்த அந்த ரேடியோவுக்கு வலுவில்லை. ஆகவே ஒவ்வொரு கணுவும் கடைசி இருபது நிமிட அளவீடுகளைத் தன் நினைவகத்திலேயே சுழற்சியாக வைத்துக்கொண்டது. ஏதோ அதிர்கிறது என்று ஒரு கணு நினைத்தால் சிறு குறிப்பு மட்டும் அனுப்பும். குறைந்தது 30 சதவீதக் கணுக்கள் அப்படிச் சொன்னால்தான் தள நிலையம் அக்கறை காட்டி, ஒவ்வொன்றிடமும் கடைசி அறுபது நொடித் தரவைக் கேட்டு வாங்கும். 19 நாளில் 230 நிகழ்வுகள் பதிவாயின.

எல்லாவற்றையும் அனுப்பாதே, சொல்லத் தகுந்தது நடந்தால் மட்டும் அனுப்பு என்ற இந்த முடிவு, ஆற்றல் சிக்கனத்தில் மிகப் பெரிய நெம்புகோல். ரெவென்டடோரில் கழுத்தறுத்தது எது தெரியுமா? மலையில் இருந்த கணுக்கள் அல்ல. தள நிலையக் கணினி இருந்த இடத்தில் அடிக்கடி போன கரண்ட்.

சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 64 கணுக்கள், 46 கை மாறித் தரவு வர வேண்டிய நீண்ட சங்கிலி. காற்றிலும் வாகன ஓட்டத்திலும் பாலம் எப்படி அதிர்கிறது என்று நொடிக்கு ஆயிரம் முறை அளந்தார்கள். இங்கே தாமதம் பிரச்சினையே இல்லை. அளந்ததைச் சேமித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மெல்ல இறக்கினார்கள். ஆனால் ஒரு அளவீடுகூட விட்டுப்போகக் கூடாது, இரண்டு கணுக்களின் கடிகாரம் நூலளவு பிசகினாலும் அதிர்வின் வடிவம் பொய்யாகிவிடும். ஆகவே ஒவ்வொரு கணுவுக்கும் பென்சில் செல் போதாமல் பெரிய லான்டர்ன் பேட்டரிகள். எந்தத் தரத்தைக் கேட்கிறோமோ அதற்கேற்ற பேட்டரி.

இத்தாலியின் ட்ரென்டோ பகுதிச் சுரங்கப்பாதை ஒன்றில் 2012 வாக்கில் செய்து பார்த்த சோதனை இந்தக் கணக்கின் ஒரு முடிச்சை அவிழ்த்தது. சுரங்கத்துக்குள் வெளிச்சம் எவ்வளவு என்று கணுக்கள் அளந்து சொல்ல, விளக்குகள் அதற்கேற்பக் கூடிக் குறையும். வெளிச்சம் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்பதைக் கணு ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த அளவீட்டைத் தள நிலையமே ஊகித்துக்கொள்ளும். உண்மை அந்த ஊகத்திலிருந்து விலகினால் மட்டுமே கணு மறுபடி வாய் திறக்கும். இந்த வழியில் 99 சதவீதம் வரை செய்திகளை அனுப்பாமலே தவிர்க்க முடிந்தது, விளக்குகளின் வேலையும் கெடவில்லை. அப்படியானால் பேட்டரி நூறு மடங்கு வந்திருக்க வேண்டும். வந்தது மூன்று மடங்கு.

மீதி எங்கே போயிற்று? செய்தி இல்லாவிட்டாலும் கணுக்கள் நேரம் பார்த்து விழிக்க வேண்டும், காது கொடுக்க வேண்டும், பாதை இன்னும் இருக்கிறதா என்று பக்கத்தாரோடு உறுதி செய்துகொள்ள வேண்டும். பேச்சைக் குறைத்தாலும் காத்திருப்பின் செலவு குறையவில்லை. மூன்று மடங்கே பெரிய வெற்றிதான் என்று எழுதிய அந்தக் குழு, தரவுக்குப் பொறுப்பான அடுக்கும் வலையமைப்புக்குப் பொறுப்பான அடுக்கும் ஒன்றையொன்று கலந்து வேலை செய்தால்தான் மீதியைப் பிடிக்க முடியும் என்று சேர்த்துச் சொன்னது.

காத்திருப்பைப் பெருமளவு ஒழிக்க ஒரு வழி இருக்கிறது. யார், யாரிடம், எந்தக் கணத்தில், எந்த அலைவரிசையில் பேசுவார் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடுவது. மோட் என்ற கருத்தையே 1990-களின் இறுதியில் முன்வைத்த பெர்க்லியின் கிரிஸ் பிஸ்டர், டஸ்ட் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 2007-இல் வந்த வயர்லெஸ்ஹார்ட் தரமும், 2012-இல் ஐ.இ.இ.இ. ஏற்றுக்கொண்ட டி.எஸ்.சி.ஹெச். முறையும் இதே வழியில் வந்தவை. வயர்லெஸ்ஹார்ட்டில் நேரம் 10 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டிலும் அலைவரிசை மாறும், ஆகவே பக்கத்து வைஃபை ஒரு அலைவரிசையை அடைத்தாலும் அடுத்த முயற்சி வேறொன்றில் போய்ச் சேரும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் ரசாயனத் தொழிற்சாலைகளிலும் கம்பி இழுக்க முடியாத வால்வுகளையும் குழாய்களையும் இந்த முறையில்தான் கண்காணிக்கிறார்கள். தாமதத்துக்கு உச்ச வரம்பு சொல்ல முடியும் என்பதால்தான் ஆலை நிர்வாகங்கள் இதை நம்பின.

அட்டவணைக்குக் கடிகாரம் வேண்டும். கணுவில் இருக்கும் மலிவான குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு வரை பிசகக்கூடியது. இரண்டு கணுக்கள் எதிரெதிர்த் திசையில் பிசகினால் நொடிக்கு 40 மைக்ரோ விநாடி இடைவெளி விழும். அரை நிமிடத்தில் அது ஒரு மில்லி விநாடியைத் தாண்டும். வெயிலில் ஒரு கணு, நிழலில் ஒரு கணு என்றால் பிசகும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே பேச எதுவும் இல்லாத நாளிலும் நேரம் சரிபார்க்க மட்டும் அவ்வப்போது ஒரு வார்த்தை பேசியே தீர வேண்டும்.

நகரங்களில் இப்போது பரவியிருக்கும் லோராவான் என்ற கம்பியில்லா முறை இந்தப் பேரத்தை ஒளிவுமறைவில்லாமல் வகுப்புகளாகவே பிரித்து வைத்திருக்கிறது. ஏ வகுப்புக் கருவி தான் பேசிய உடனே இரண்டு சிறு இடைவெளிகளில் மட்டும் காது திறக்கும், மற்ற நேரமெல்லாம் செவிடு. குடிநீர் மீட்டருக்கு அது போதும், பேட்டரி ஆண்டுக்கணக்கில் வரும். சி வகுப்பு எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். உடனே மூட வேண்டிய வால்வுக்கு அதுதான் பொருந்தும், ஆனால் பக்கத்தில் மின் இணைப்பு வேண்டும். தூரத்துக்கும் இங்கே விலை உண்டு. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் இயங்கும் இந்த ரேடியோக்கள், செய்திகளைப் பெறும் கேட்வே பக்கத்தில் இருந்தால் வேகமாகவும், தொலைவில் இருந்தால் நிதானமாக நீட்டி முழக்கியும் பேசும். மிக நீட்டிய நிலையில் ஒரு சின்னச் செய்தி காற்றில் இருக்கும் நேரம், மிக வேகமான நிலையைவிடச் சுமார் 25 மடங்கு. ஊர்க் கோடியில் இருக்கும் மீட்டருக்குத்தான் இங்கே பேட்டரி சீக்கிரம் தீரும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில், மூணாறு நகரை ஒட்டி அந்தோணியார் காலனி என்று ஒரு சரிவு இருக்கிறது. 2005 ஜூலையில் அங்கே மண் சரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மனீஷா ரமேஷ் தலைமையில் அம்ரிதா பல்கலைக்கழகத்தினர் அந்தச் சரிவையே ஆய்வுக்களமாக்கினார்கள். மலையில் ஆழ்துளைகள் இட்டு, அவற்றுக்குள் மண்ணின் ஈரம், மண்துகள் இடுக்குகளில் தேங்கும் நீரின் அழுத்தம், சரிவின் சாய்வு, நெளிவு, அதிர்வு ஆகியவற்றை அளக்கும் சென்சார்களை இறக்கினார்கள். மேலே கம்பியில்லாக் கணுக்கள். அங்கிருந்து வைஃபை வழியாகவும் செயற்கைக்கோள் வழியாகவும் கொல்லம் மாவட்டம் அமிர்தபுரியிலுள்ள ஆய்வகத்துக்குத் தரவு போனது.

மலைச் சரிவு திடீரென்று நடப்பதாகத் தோன்றினாலும் மண்ணுக்குள் அது படிப்படியாகவே வருகிறது. முதலில் மழை ஊறி ஈரம் ஏறும். பிறகு இடுக்குகளில் நீர் நிறைந்து அழுத்தம் கூடும். மண்துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பிடி தளரும். பிறகே நிலம் நகரத் தொடங்கும். எச்சரிக்கையையும் இதே வரிசையில் மூன்று படியாக வைத்தார்கள்: ஈரத்தில் தொடக்க எச்சரிக்கை, நீரழுத்தத்தில் இடைநிலை, அசைவில் உடனடி. இந்த மூன்று படிகளே ஆற்றல் சிக்கனத்துக்கான படிகளும் ஆயின. மார்ச் மாத வெயிலில் நிலத்தின் நெளிவை நொடிக்கு நொடி அளப்பது வீண். மழை வலுக்க வலுக்க அளவீடும் அடர்த்தியாகும். நிலைமை சாதாரணமாக இருக்கும்போது சுருக்கமான தொகுப்பு மட்டும் போகும், வரம்பு தாண்டினால் முழுத் தரவும் போகும். 2009 ஜூலையில் கடும் மழையில் நீரழுத்தம் ஏறியபோது இந்த அமைப்பின் வழியே எச்சரிக்கை வெளியானது.

ஆனால் மலை இங்கே ஒரு முரணை வைத்திருக்கிறது. மின்கம்பி எட்டாத சரிவில் கணுக்களுக்குச் சூரியத் தகடுதான் சோறு போடுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நாள்கணக்கில் சூரியன் முகம் காட்டாது. மண் சரிவதும் அந்த நாட்களில்தான். வரவு குறையும் அதே வாரத்தில் செலவு பல மடங்கு ஏறுகிறது. கிரேட் டக் தீவில் 2200-ஐ 270-ஆல் வகுத்துத் தினப்படி போட்ட மாதிரி இங்கே போட முடியாது. கோடையில் கஞ்சத்தனம் காட்டி, பேட்டரியை நிரப்பி வைத்து, ஆண்டில் சில இரவுகளுக்காக அதைப் பூட்டி வைக்க வேண்டும். சராசரி மழையைக் கணக்கிட்டு வாங்கும் பேட்டரி அந்த இரவுகளில் கைவிட்டுவிடும்.

அதே மூணாறுப் பகுதியில், ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை இறங்கி 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தேயிலைத் தோட்ட லயங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அந்தோணியார் காலனியின் சென்சார்கள் அந்தச் சரிவில் இல்லை. ஒரு சரிவில் வைத்த கருவி அடுத்த சரிவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எத்தனை சரிவுகளில் கருவி வைக்க முடியும் என்பது, ஒவ்வொரு கணுவுக்கும் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை ஆள் ஏறிப்போக வேண்டும் என்பதையும் பொறுத்தது. பேட்டரி மாற்றும் கூலியும் ஜீப் வாடகையும் கருவியின் விலையைச் சீக்கிரமே எட்டிப் பிடித்துவிடும்.

சிக்கனம் ஏற ஏற இன்னொரு குழப்பமும் வளர்கிறது. சொல்லத் தகுந்தது நடந்தால் மட்டும் பேசு என்று பழக்கிய கணு பேசாமல் இருந்தால், மலை அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமா, கணு செத்துவிட்டது என்று அர்த்தமா? ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் கண்காணிப்பு வலையமைப்புகளில் ஒன்றுமில்லாவிட்டாலும் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லும் சிறு செய்தி உண்டு. அதைப் பேட்டரியின் மின்னழுத்தத்தோடு சேர்த்து அனுப்பச் சொல்வது நல்லது, ரெட்வுட் மரத்தில் பட்டது போதும். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அனுப்புவது? ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு கணு செத்து ஆறு மணி நேரம்வரை யாருக்கும் தெரியாமல் போகலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 36 மடங்கு செய்திகள், வழியில் இருக்கும் கணுக்கள் எல்லாவற்றுக்கும் அத்தனை விழிப்பு. உருளைக்கிழங்கு வயலுக்கு ஆறு மணி நேரம் தாராளம். கீழே லயங்கள் இருக்கும் சரிவில் கணக்கு வேறு: நள்ளிரவில், மழையில், குழந்தைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு கடைசி வீட்டார் மேட்டுக்கு ஏற இருபது நிமிடம் பிடிக்கும் என்றால், பத்து நிமிட இடைவெளிகூட அதில் பாதியைத் தின்றுவிடும்.